மேல் டிராயர்

மனை 31, எண்ணெய் வயல் முகாம்
மேற்கு டெக்சாஸ்
ஜனவரி 14

ராய்ஸ்,

உறையில் ஓபல் என்ற பெயரைப் பார்த்து, யாரோ ஒரு கிழவி உன் ஆன்மாவைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்திருப்பாய். கிழவி நிஜம்தான், பக்கத்து மனையில் இருக்கிறாள். எழுதுவது நான், மார்லா. பதில் போட்டால் அவள் பெயருக்கே போடு. டாரல் என் போனைத் தினமும் நோண்டுகிறான். தபால் பக்கம் வரமாட்டான். புருஷன் கண்ணில் படாமல் அண்ணனுக்குக் காகிதத்தில் எழுதுகிற பெண்டாட்டி இந்தக் காலத்திலும் இருப்பாள் என்று அவனுக்குத் தோன்றாது.

பதினான்கு மாதமாக நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. அதை அப்படியே வைத்துவிடுவோம். ஒரு வேலை விஷயம் கேட்க வேண்டும்.

ஓக்லஹோமாவிலிருந்து குடியிருக்கிற டிரெய்லரை வண்டியில் கட்டி இங்கே இழுத்து வந்தோம். டாரலுக்குக் குழாய் வெல்டிங் வேலை இங்கேதான் இந்த வருஷம் முழுக்க. கடைசி நாற்பது மைல் சரளைச் சாலை. வந்து கதவைத் திறந்தால் சமையல் மேடையின் நடு டிராயர் தரையில் கிடக்கிறது. இரும்புச் சட்டி, கரண்டிகள், பீன்ஸ் டின்கள், சோளமாவு எல்லாம் படுக்கையறை வரைக்கும் சிதறியிருந்தது. டின்களுக்கு நடுவே டாரலின் விஸ்கி பாட்டில் நொறுங்கிக் கிடந்தது. சாமான்களை அடுக்கியவள் நான். அதற்கப்புறம் மூன்று நாள் எனக்கு இடது காது சரியாகக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறது.

டிராயருக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் கொக்கி உடைந்து கிடக்கிறது. கீழ் டிராயர் சரியாக இருக்கிறது. மேல் டிராயர் இருந்த ஓட்டையில் இன்னும் துணித் துண்டுதான் தொங்குகிறது. அந்த டிராயர் எங்கே போனது என்று உனக்குத் தெரியும்.

அடுத்த முறை வண்டி நகரும்போது எதுவும் கீழே விழக் கூடாது. எப்படிச் சரிசெய்வது என்று எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

மார்லா

சிறை, ஓக்லஹோமா
ஜனவரி 27

சுண்டெலி,

உன் கடிதத்தை இங்கே எனக்கு முன்னால் ஒரு காவலர் படித்துவிட்டார். இதையும் படிப்பார். அவருக்கும் வணக்கம்.

பதினான்கு மாதம் கழித்து டிராயரைப் பற்றி எழுதுகிறாய். வேறு எதுவும் எழுத வேண்டாமாம். எழுதுவேன்.

இந்தியானா தொழிற்சாலையில் பதினோரு வருஷம் டிரெய்லர்களுக்கு டிராயர் அடித்தவன் நான். நாளுக்கு நானூறு. மெல்லிய பலகை, நாலு மூலையிலும் ஸ்டேப்பிள் பின், ஒரு சொட்டுப் பசை. பின்னால் அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கொக்கி. அவ்வளவுதான் சரக்கு. ஆனால் அதில் ஒரு புத்தி இருந்தது. மேடையின் மர முன்சட்டத்தில் கீழே ஒரு சின்ன வெட்டு விட்டிருப்போம். டிராயர் மூடும்போது அந்த வெட்டில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். திறக்க வேண்டுமென்றால் முதலில் தூக்க வேண்டும், அப்புறம் இழுக்க வேண்டும். மூடவும் அப்படித்தான். வெறுமனே தள்ளினால் ஒரு அங்குலம் வெளியே நின்றுவிடும். மலை மேல் ஏறினாலும் இறங்கினாலும் தானாகத் திறக்காது, தானாக மூடாது. டிரெய்லரில் ஒரு வாரம் குடியிருந்த குழந்தைக்கும் இது தெரியும்.

உனக்கும் தெரியும். தெரிந்துதான் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்று டாரலுக்காகச் சொன்னாய்: "டிரெய்லர் சரிவுல நின்னுச்சு. கரண்டி எடுக்கக் கைய விட்டேன். டிராயர் தானா உருண்டு வந்து மூடிக்கிச்சு. அவர் பக்கத்துலயே இல்ல."

ஜூரி பன்னிரண்டு பேரும் செங்கல் வீட்டு ஆட்கள். தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். நான் டாரலை அடித்த அந்த டிராயரை மேசைமேல் கொண்டுவந்து வைத்தார்கள், முன்பலகையில் அவன் பல் பதிந்த குழியோடு. அந்த வெட்டு டிராயரில் இல்லை, மேடையின் மரச்சட்டத்தில் இருக்கிறது. சட்டம் உன் டிரெய்லரில் இருந்தது. மேசைமேல் வைத்தால் அது வெறும் பெட்டி. நான் எழுந்து சொல்லப் போனேன், என் வக்கீல் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான். காரணமே இல்லாமல் மைத்துனனின் தாடையை உடைத்தவன் என்று ஐந்து வருஷம் கொடுத்தார்கள்.

உன் விரலை அந்த டிராயரில் நசுக்க ஒருவன் ஒரு கையால் தூக்கி இன்னொரு கையால் தள்ள வேண்டும். இரண்டு கை வேண்டும். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்திருப்பான். இதை நினைத்துக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன்.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர். நீ திரும்ப அவனிடமே போனாய்.

சரி, டிராயர். பின்கொக்கி உடைந்தால் டிராயர் ஓடுகிற தண்டவாளம் தொங்கும், முன்வெட்டு பிடிக்காது. அதே கொக்கியை வாங்கி மாட்டினால் அடுத்த சரளைச் சாலையில் அதுவும் உடையும். எல்லாவற்றையும் பிடுங்கி எறி. பக்கத்துக்கு ஒன்றாக இரும்புச் சேனல் போட வேண்டும், உள்ளே குண்டு உருளுகிற வகை. அளவெடுத்து அனுப்பு: மேடையின் ஆழம், ஓட்டையின் அகலம், நடைவழியின் அகலம்.

காது எப்படி?

ராய்ஸ்

மனை 31
பிப்ரவரி 9

ராய்ஸ்,

மேடை ஆழம் இருபத்து நான்கு அங்குலம். ஓட்டை அகலம் பதினாறு. நடைவழி இருபத்தாறு. எதிரே குளிர்பெட்டி அலமாரி. நடைவழியை எதற்குக் கேட்டாய் என்று தெரியவில்லை.

நீ எழுதியதை ஓபலின் வண்டியில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் உன்னைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது. மூன்று அடி அடித்தாய். முதல் அடியிலேயே அவன் விழுந்துவிட்டான், நான் கதவோரம் நின்று பார்த்தேன். முதல் அடி எனக்காக. மற்ற இரண்டும் யாருக்காக? அப்பா இறந்த நாளிலிருந்து நீ யாரையாவது அடிக்கக் காரணம் தேடிக்கொண்டிருந்தாய். என் விரல் கிடைத்தது.

ஏன் பொய் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை, திட்டத்தான் செய்தாய். நான் சொல்கிறேன். டாரல் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான், தாடையில் கம்பி கட்டி. பேச முடியாது. தன் இடது கையை எடுத்து முழங்காலில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டிருந்தான். நான் கூண்டில் பேசிய நேரம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டே நீவினான். உன்னை அந்தப் பக்கக் கதவு வழியாகக் கூட்டிப் போவார்கள். நான் இந்தப் பக்கக் கதவு வழியாக அவனோடு வீட்டுக்குப் போக வேண்டும். அவன் வண்டியில், அவன் டிரெய்லருக்கு. நீ உள்ளே போனாய், நானும் உள்ளேதான் போனேன்.

போன செவ்வாய்க்கிழமை நடு டிராயரைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தேன். காபித் தூள் எடுக்க வந்தவன் கயிற்றைப் பார்த்தான். "என்னடி இது, வீடா மாட்டுத் தொழுவமா?" என்றான். கத்தியால் கயிற்றை அறுத்தான், டிராயரைச் சாமான்களோடு தூக்கி ஜன்னல் வழியாக வீசினான். ஜன்னல் மூடியிருந்தது. கண்ணாடியைப் பொறுக்கும்போது கத்தி முனையை என் கழுத்துக்குப் பின்னால் வைத்து, "ஒண்ணு விடாமப் பொறுக்கு. என் கால்ல குத்திச்சுன்னா உன்ன வெச்சே துடைப்பேன்" என்றான். அப்புறம் டிவி போட்டுக் கூடைப்பந்து பார்த்தான்.

ஓபல் கேட்டாள், "ஏம்மா, இவனோட எத்தன வருஷமா இருக்க?" ஒன்பது என்றேன். "என் வீட்டுக்காரன் இருபது வருஷம் அடிச்சான். அப்புறம் செத்தான். நான் எதுவுமே செய்யல, அவனா செத்தான். அதுதான் என் வருத்தம்" என்றாள்.

அவளிடம் துளைபோடுகிற டிரில் இருக்கிறது. எந்தச் சேனல் என்று எழுது.

மார்லா

சிறை
பிப்ரவரி 20

சுண்டெலி,

இரண்டும் மூன்றும் யாருக்காக என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. கடிதம் வந்த நாளிலிருந்து யோசிக்கிறேன். நடுவில் உணவுக்கூடத்தில் ஒருவன் என் தட்டில் துப்பினான். அவன் முகத்தை மேசையில் வைத்து இரண்டு முறை மோதினேன். முதல் முறை தட்டுக்காக. நீ சொன்னது சரி.

இப்போது கவனமாகப் படி.

கடையில் இருபத்திரண்டு அங்குலச் சேனல் கேள். முழுசாக வெளியே வரும், இரண்டு முனையிலும் பூட்டிக்கொள்ளும் வகை. மூடினால் பூட்டிக்கொள்ளும். முழுக்க இழுத்தாலும் பூட்டிக்கொள்ளும். டிராயரின் இரண்டு பக்கத்திலும் முன்னால் ஒவ்வொரு சின்ன நெம்புகோல் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் நகரும். லாரிகளில் கருவிகள் வைக்க இதைத்தான் போடுகிறார்கள். ஒரு ஆள் ஏறி உட்காரலாம்.

பக்கச் சுவர் காகிதம் மாதிரி. அதில் நேராகத் திருகாதே. முதலில் உள்ளே இரண்டு பக்கமும் முக்கால் அங்குலக் கட்டையைப் பசை போட்டு இறுக்கு, ஒரு நாள் காயட்டும். சேனலைக் கட்டையில் திருகு. திருகாணி அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் போகிறது. பழைய ஓட்டை லொடலொடத்தால் பல்குச்சியைப் பசையில் தோய்த்து அடித்து, ஒடித்துவிட்டு மறுபடி திருகு. இரண்டு சேனலும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நூல் தப்பினாலும் நடுவில் சிக்கும். பெட்டிக்கு அரை அங்குலப் பிளைவுட். பின் வேண்டாம், திருகு.

நடைவழியை எதற்குக் கேட்டேன் என்றால், இதற்குத்தான். உன் டிரெய்லரில் முன்னால் படுக்கையறை, பின்னால் வாசல் கதவு, நடுவில் சமையல். இருபத்தாறு அங்குல வழியில் இருபத்திரண்டு அங்குல டிராயர் பூட்டிக்கொண்டு நின்றால் மிச்சம் நான்கு அங்குலம். பூனை போகலாம். டாரல் போக முடியாது. அவன் படுக்கையறைப் பக்கமும் நீ கதவுப் பக்கமும் இருக்கும்போது மேல் டிராயரை ஒரே இழுப்பில் இழு. அடியில் நுழைந்தால் நடு டிராயரையும் இழு. அதை எப்படி மூடுவது என்று கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு நிமிஷம் ஆகும். வீட்டில் ஒரு ஆணியைக்கூட அடித்தறியாதவன்.

மேல் டிராயரில் கனமான சாமான் வை, எகிறாமல் இருக்கும்.

அந்த ஒரு நிமிஷத்தில் கதவைத் திறந்து போய்விடு. திரும்பிப் பார்க்காதே. நின்று எதுவும் சொல்லாதே. எனக்குச் சொல்லித்தர ஆளில்லை, உனக்கு நான் சொல்கிறேன்: போய்விடு.

காவலர் ஐயா, படிக்கிறீர்கள் என்று தெரியும். இது டிராயர் வேலைதான்.

ராய்ஸ்

மனை 31
மார்ச் 8

ராய்ஸ்,

போட்டுவிட்டேன்.

கடையில் இருபத்திரண்டு அங்குலம் இரண்டு ஜோடிதான் இருந்தது. மேலுக்கும் நடுவுக்கும் போட்டேன். கீழ் டிராயர் பழையபடிதான், தூக்கி இழுக்க வேண்டும். அதில் என் துணிதான் இருக்கிறது, அது போதும்.

ஒன்பது நாள் ஆனது. டாரல் காலை ஐந்துக்குப் போனால் மாலைதான் வருவான். இடது கையில் இரண்டு விரல் மடங்காது, திருகாணியைப் பிடிக்க முடியவில்லை. உதட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் துளைக்குள் ஊதாத குறையாக வைத்தேன். முதல் தடவை மட்டம் தப்பியது. பிடுங்கினேன். இரண்டாவது தடவை பசை காய்வதற்குள் ஏற்றிவிட்டேன், கட்டையே கையோடு வந்தது. ஓபல் வெளியே நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள், தூரத்தில் வண்டிப் புழுதி தெரிந்தால் நாயைக் கூப்பிடுவாள். அவளிடம் நாய் கிடையாது.

மூன்றாவது தடவை சரியாக வந்தது. மேல் டிராயரில் இரண்டு இரும்புச் சட்டி, பன்னிரண்டு டின் பீச் பழம். நெம்புகோல்களை அழுத்திவிட்டால் ஒரு விரலால் இழுத்தாலே வருகிறது. கடைசியில் "டக்" என்று பூட்டிக்கொள்கிறது. உன் கையால் செய்ததைவிட நன்றாக இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்வாய். நன்றாகத்தான் இருக்கிறது.

டாரலிடம் ஓபலின் பேரன் போட்டுக் கொடுத்தான் என்றேன். அவன் நடு டிராயரைப் பத்து முறை திறந்து திறந்து மூடினான். நண்பர்கள் வந்தபோது, "நம்ம வேலைதான். லாரிக்குப் போடுற சேனலு" என்று தன் கணக்கில் எழுதிக்கொண்டான். நெம்புகோல் நான்தான் காட்ட வேண்டியிருந்தது. நடு டிராயருக்கு மட்டும் காட்டினேன். மேலது கெட்டியாக இருக்கிறது, நீங்கள் தொடாதீர்கள், நானே எடுத்துத் தருகிறேன் என்றேன்.

இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டால் நீ கத்துவாய். பதினொரு நாளாக அவன் நன்றாக இருக்கிறான். குடிக்கவில்லை. ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டான். ஞாயிற்றுக்கிழமை என் இடது கையை எடுத்துப் பார்த்து, "அன்னைக்கு நான் நானா இல்ல மார்லா" என்றான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. உன் ஏற்பாடு தேவைப்படாமலே போகலாம். டிராயர் நல்ல டிராயராக இருந்துவிட்டுப் போகட்டும்.

மார்லா

சிறை
மார்ச் 19

மார்லா,

தொழிற்சாலை வாசலில் ஒரு பலகை மாட்டியிருப்பார்கள். "விபத்தில்லாத நாட்கள்" என்று எழுதி, பக்கத்தில் எண். தினமும் காலையில் மேஸ்திரி எண்ணை மாற்றுவார். பதினொன்று, பன்னிரண்டு, முப்பது. எல்லாரும் கைதட்டுவோம். ஒரு நாள் யாராவது விரலை விடுவான். மறுநாள் காலை பலகையில் பூஜ்யம். எந்த மெஷினையும் யாரும் மாற்றவில்லை. எண்ணை மட்டும்தான் மாற்றினார்கள்.

மே பதினொன்றாம் தேதி என்னை முன்கூட்டியே விடுவது பற்றி விசாரணை. நீ வந்து உண்மையைச் சொல் என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் நானும் அவனைப் போல முழங்காலில் கை வைத்து விரல் நீவுகிறவன் ஆகிவிடுவேன். நீயாக இருந்துகொள். உயிரோடு இரு.

என் கடிதங்களை எரித்துவிடு.

ராய்ஸ்

மாவட்டக் காவல் சிறை, மேற்கு டெக்சாஸ்
ஏப்ரல் 4

ராய்ஸ்,

விலாசத்தைப் பார். இனி ஓபல் பெயருக்கு எழுத வேண்டாம், என் பெயருக்கே எழுதலாம். இங்கேயும் முதலில் வேறொருவர் படிப்பார்.

உன் கடிதங்களை நான் எரிக்கவில்லை. நடு டிராயரின் பின்பலகைக்குப் பின்னால் டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தேன். ஒன்பது வருஷமாக எனக்கு இருந்த ஒரே மறைவிடம் டிராயருக்குப் பின்னால்தான். பழைய டிராயர் முக்கால்வாசிதான் வெளியே வரும், பின்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. புதுச் சேனலை என் கையால் போட்டேன், முழுசாக வெளியே வரும் என்று தெரிந்து வாங்கினேன். அப்படியும் கை பழக்கத்தில் அங்கேயே கொண்டுபோய் ஒட்டியது. உன் தங்கை புத்திசாலி.

ஏப்ரல் இரண்டாம் தேதி காலையிலிருந்து புழுதிக் காற்று. எதிர் மனை தெரியவில்லை. வெல்டிங்கை நிறுத்தி எல்லாரையும் பதினொரு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் துணி துவைக்கிற கொட்டகையில் இருந்தேன். அவன் வந்து, டப்பா திறப்பான் தேடி நடு டிராயரைக் கடைசி வரைக்கும் இழுத்திருக்கிறான்.

நான் துணிக்கூடையோடு உள்ளே வந்தேன். காற்று கதவைப் பின்னாலிருந்து அறைந்து மூடியது. அவன் படுக்கையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான், உதட்டை அசைத்து, சின்னப் பையன் மாதிரி. பக்கத்தில் பாட்டில் பாதி காலி.

"பூனை போகலாம். டாரல் போக முடியாது," என்று வாசித்தான். அப்புறம் எழுந்தான். "உங்கண்ணன் நல்லா எழுதுறான். வா, அளந்து பாப்போம்."

கதவைத் தள்ளினேன். காற்று அந்தப் பக்கமிருந்து தள்ளியது, அசையவில்லை. அவன் வெல்டிங் சுத்தியலைக் கையில் வைத்திருந்தான், கசடு தட்டுகிற கூர் சுத்தியல். கூடையை அவன் மேல் எறிந்தேன், ஈரப் போர்வை அவன் தலையில் விழுந்தது. இரண்டு எட்டு வைத்து, நெம்புகோல்களை அழுத்தி மேல் டிராயரை இழுத்தேன். "டக்" என்று பூட்டியது. அவன் போர்வையோடு வந்து வயிற்றால் மோதினான். டிரெய்லரே ஆடியது. டிராயர் ஆடவில்லை.

சுத்தியலால் முன்பலகையில் ஓங்கி அடித்தான். பலகை பிளந்தது, சேனல் அசையவில்லை. குனிந்து அடியில் நுழைந்தான். நடு டிராயரை இழுத்தேன். அது அவன் தலையில் இடித்தது, நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பின்னால் போனான். "கொன்னுருவேன்டி. உன்னையும் கொல்லுவேன், கிழவியையும் கொல்லுவேன், அவன் வெளிய வர்ற அன்னைக்கி வாசல்லயே நின்னு அவனையும் கொல்லுவேன்," என்றான். கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னான். அதுதான் பயமாக இருந்தது.

நான் கதவுக்குத் திரும்பினேன். இரண்டு கையாலும் தோளாலும் தள்ளினேன். காற்று ஒரு நொடி அடங்கியது, கதவு திறந்துகொண்டு வெளிச்சுவரில் போய் அறைந்தது. ஒரு கால் படியில் வைத்துவிட்டேன். ஓபல் அவள் வாசலில் நிற்பது தெரிந்தது. நீ சொன்ன ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்துவிட்டது, ராய்ஸ். போயிருக்கலாம்.

திரும்பிப் பார்த்தேன்.

அவன் சுத்தியலைப் போட்டுவிட்டு மேல் டிராயரின் முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். எட்டு விரலும் பலகைக்கு உள்பக்கம் மடங்கியிருந்தன. நெம்புகோலை அழுத்த வேண்டும் என்பது அந்த ஆத்திரத்தில் அவனுக்குத் தோன்றவில்லை. நான் படியிலிருந்து ஏறினேன். மூன்று எட்டு நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான், நான் மன்னிப்புக் கேட்க வருகிறேன் என்று நினைத்திருப்பான். டிராயருக்கு அடியில் இரண்டு பக்கமும் கையை விட்டு இரண்டு நெம்புகோலையும் அழுத்தினேன். இரண்டு கை வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இடுப்பால் மோதி மூடினேன்.

இரும்புச் சட்டியும் பன்னிரண்டு டின்னும் சேர்ந்து போயின. சத்தம் கேட்டது. நான் முன்பு ஒரு தடவை கேட்ட சத்தம்தான். ஒரு கை தப்பிவிட்டது. வலது கையில் நான்கு விரல். பூட்டிக்கொண்டது, அவன் கை உள்ளே. அவன் முழங்கால் மடங்கித் தொங்கினான், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் உடனே திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள், தெரியாது என்றேன். ஓபல்தான் உள்ளே வந்து, "போதும்மா, திற," என்றாள். திறந்தேன்.

உன் இரண்டாவது அடியும் மூன்றாவது அடியும் யாருக்காக என்று உன்னைக் கேட்டேன். இனிமேல் கேட்கமாட்டேன். நம் இரண்டு பேர் கையும் ஒரே அச்சில் வார்த்தது.

மாவட்டப் போலீஸ், ஷெரிஃபின் ஆள் வந்தார், வயதானவர், மீசையெல்லாம் புழுதி. ஆம்புலன்ஸ் போன பிறகு மேல் டிராயரை இழுத்துப் பார்த்தார், விட்டார். இங்கே தரை சரிவு, புதுச் சேனல் எண்ணெய் போட்ட மாதிரி ஓடும். பாதி வரைக்கும் இழுத்து விட்டால் அது தானாக உருண்டு போய் மூடிக்கொள்கிறது. அவருக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

"இது தானா மூடிக்கிது பாருங்கம்மா. அவரு கைய வெச்சிருந்தப்ப அதுவா ஓடிருக்கும். அப்படித்தானே?"

கோர்ட்டில் சொன்ன அதே வாக்கியம் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அன்றைக்குப் பச்சைப் பொய். இன்றைக்கு, இந்த டிராயருக்கு, எல்லாரும் நம்புவார்கள். நானே ஒன்பது நாள் பாடுபட்டு அதை உண்மை மாதிரி ஆக்கி வைத்திருக்கிறேன். ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

"இல்ல சார்," என்றேன். "நான்தான் மூடினேன். கதவு திறந்திருந்துச்சு. வெளிய போய்ட்டுத் திரும்பி வந்து மூடினேன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா இப்படிச் சொல்றீங்க?"

"கீழ் டிராயரத் திறங்க," என்றேன்.

இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். "தூக்கி இழுக்கணும் சார்." தூக்கி இழுத்தார், வந்தது. "இப்ப மூடுங்க." தள்ளினார், ஒரு அங்குலம் வெளியே நின்றது. பலமாகத் தள்ளினார், நின்றது. பூட்ஸ் காலால் தள்ளினார், அப்போதும் நின்றது. கடைசியில் ஒரு கையால் தூக்கி ஒரு கையால் தள்ளினார். உட்கார்ந்தது. என் இடது கையைப் பார்த்தார். மடங்காத இரண்டு விரலையும் நான் மறைக்கவில்லை.

"இதுக்கு ரெண்டு கை வேணுமே," என்றார்.

"மேல் டிராயரும் இப்படித்தான் சார் இருந்துச்சு. ஓக்லஹோமா கோர்ட்டுல அது தானா மூடிக்கிச்சுன்னு சத்தியம் பண்ணிச் சொன்னேன். எங்கண்ணன் அதனால உள்ள இருக்கான்."

அவர் தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்துவிட்டுப் புதுப் பக்கம் திருப்பினார்.

பொய்ச்சாட்சிக்கு ஒன்று, டாரலின் கைக்கு ஒன்று என்று இரண்டு வழக்கு வரலாம் என்கிறார்கள். எனக்குக் கொடுத்திருக்கிற வக்கீல் பெண், முதல் பாதி தற்காப்பு, அந்த மூன்று எட்டைப் பற்றி இனி வாயைத் திறக்காதே என்கிறாள். மே பதினொன்றுக்கு என் எழுத்துமூல வாக்குமூலம் உன் விசாரணைக்குப் போகும். நீ கேட்கவில்லை. நானாகத்தான் கொடுத்தேன்.

பயமாக இருக்கிறது. இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறேன், அதுவும் பயமாக இருக்கிறது.

டிரெய்லரைச் சோதனைக்காக முகாமிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கீழ் டிராயரைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறது, சட்டத்தோடு சேர்த்து. யாரும் தொடக் கூடாதாம். எல்லாம் முடிந்தபின் நாடாவைப் பிரிப்பார்களாம். அதற்கு மட்டும் நான் சேனல் போடவில்லை. அதை நீ வந்து போடு.

மார்லா